வரும்போது ஒன்றரை மணி நேரம்

போன வாரம் நம் பழைய டிக்கெட் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். நீங்கள் எல்லோரும் வேலையில் மும்முரமாக இருந்தீர்கள். கவுண்டரில் நின்ற ஓர் அம்மா, "சிங்கப்பூர் போக எம்மா நேரம் ஆவும்?" என்று கேட்டார். உங்களில் ஒரு தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாலு மணி நேரம்" என்றாள். சரியான பதில், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன், நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

அதே கேள்விக்கு நான் ஒரு தடவை தப்பான பதில் சொன்னேன். பிறகு சரியான பதிலும் சொன்னேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். புத்திமதி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். புத்திமதி கேட்க எனக்கே பிடிக்காது.

என் அப்பா தெற்கிலிருந்து வந்து காலடிப்பேட்டையில் மளிகைக் கடை வைத்தவர். கடையில் என்னை உட்கார வைத்தால் வாய் அதிகம் பேசி வாடிக்கையாளரை விரட்டிவிடுவேன் என்று பயந்துதான் டைப்ரைட்டிங் படிக்க அனுப்பினார். அந்த வாயோடு ராயபுரத்தில் டிக்கெட் கவுண்டருக்கு வந்து சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. மூன்று மேசை, ஒரு மின்விசிறி, ஒரே ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரை மேலாளரைத் தவிர யாரும் தொடக்கூடாது. வடசென்னையிலிருந்து கப்பல் பட்டறை வேலைக்கும் கட்டட வேலைக்கும் சிங்கப்பூர் போகிறவர்கள் எங்களிடம்தான் வருவார்கள்.

அப்போதெல்லாம் டிக்கெட் என்றால் காகிதம், பின்னால் சிவப்புக் கார்பன் பூசிய புத்தகம். அதில் கிளம்பும் நேரம் மட்டும்தான் இருக்கும். அதனால் டிக்கெட் உறையின்மேல் கிளம்பும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் பேனாவால் எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம். இன்னொரு வழக்கமும் இருந்தது. திரும்பிப் போகிறவர்கள் மூன்று நாளுக்கு முன்னால் வந்து, 'நான் போகிறேன், என் இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்' என்று உறுதி செய்துவிட்டுப் போக வேண்டும். அப்படி உறுதி செய்யத்தான் கஸ்தூரி முதல் தடவை வந்தாள்.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டுக்காரி, இருபத்தைந்து வயதிருக்கும். புருஷன் மூர்த்தி சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். முதல் விடுமுறைக்கு வந்திருந்தான். "அவரு வரலியா?" என்று கேட்டேன். "தூங்கிகினு கீறாருக்கா. எழுப்ப மனசு வர்ல. அங்க அவரு தூங்கவே மாட்டாராம்" என்றாள்.

உறுதி செய்து முடித்து உறையைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் நகரவில்லை. உறையின்மேல் நான் எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள்.

"அக்கா, வர்றப்போ பத்து மணிக்குக் கெளம்பி பதினொன்றரைக்கு வந்துட்டாரு. ஒன்றரை மணி நேரம். போறப்போ பன்னண்டே முக்காலுக்குக் கெளம்பி ராவு ஏழேகாலுக்குத்தான் போய்ச் சேருவாருன்னு எழுதிக்கீற. ஆறரை மணி நேரம். அதே ரூட்டுதானே? இன்னாக்கா இது?"

விஷயம் சின்னது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் எழுதியது அந்தந்த ஊர் நேரம். வந்தாலும் போனாலும் நாலு மணி நேரம்தான். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வரிசை நீளமாக இருந்தது, என் வாயும் நீளமாக இருந்தது.

"வர்றப்போ வீட்டு நெனப்புல பிளேன் பறந்து வந்துடும்மா. போறப்போ மனசு வராதில்ல, மெதுவாத்தான் போகும்" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கஸ்தூரி சிரிக்கவில்லை, யோசித்தாள். "ஆமாங்க்கா. எங்க அப்பா காசிமேட்டுல மீன் புடிக்க போட்டுக்குப் போனவரு. காத்து தோதா இருந்தா கரைக்குச் சீக்கிரம் வந்துடும், எதிர்காத்துன்னா நாளு பூரா ஆவும்னு சொல்லுவாரு. அது மாதிரியா?"

"அதே மாதிரிதான். அடுத்தது யாரு, வாங்க."

இந்தப் பெண்ணுக்கு இது தெரியாதா என்று நீங்கள் சிரிக்க வேண்டாம். கடலோரத்தில் பிறந்தவளுக்கு அந்தக் கணக்கு இயல்பாகத்தான் பட்டது. அசடு நான்தான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவள் சொன்னால் அது வேடிக்கையாக இருந்தாலும் எதிரில் நிற்பவருக்குத் தகவல்தான் என்று எனக்கு அன்று உறைக்கவில்லை.

அதன்பிறகு அவளை அவ்வப்போது பார்ப்பேன். எங்களுக்குப் பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு, மூர்த்தியோடு போனில் பேச, ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். எங்களுக்கும் ஞாயிறு அரை நாள் உண்டு. பேசி முடித்து வெளியே வந்ததும் கண்ணாடிக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுவாள். ஒருநாள் வேர்த்து விறுவிறுத்து வந்தாள்.

"பேசின் பிரிட்ஜாண்ட ஒரே பேஜாருக்கா. ஒரு மணி நேரம் பஸ்ஸு நவுரவேல்ல. இன்னும் அரை மணி நேரம் நின்னுருந்தா எங்க வூட்டுக்காரு சிங்கப்பூர்லேர்ந்து வந்து என்னை இட்டுகினு பூட்ருப்பாரு."

மகள் அப்பாவைக் கேட்டு அழுதாலும் அதையேதான் சொல்வாளாம். அப்பா ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறார், நீ ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடுவார் என்று. கேட்டுவிட்டு நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நானே சொன்னதை நானே இல்லை என்று எப்படிச் சொல்வது என்று ஒரு கூச்சம். அதோடு, அந்த ஒன்றரை மணி நேரம் அவள் முகத்தில் ஒரு தெம்பாக இருந்தது. இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

மூர்த்தி போய் ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். சித்திரை வெயில். மத்தியானம் இரண்டே முக்காலுக்குக் கஸ்தூரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். காலில் செருப்பில்லை.

"அக்கா, பிளேனுக்கு இன்னாவோ ஆயிருச்சுக்கா."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து விஷயத்தை வாங்கினேன். மூர்த்தியின் அம்மா சின்னப்பொண்ணு பத்து நாளாகப் படுக்கையில் இருக்கிறார். வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு மூர்த்தி ஒரே பிள்ளை. தகவல் போய், பட்டறையில் பத்து நாள் லீவு வாங்கி, அங்கேயே டிக்கெட் எடுத்துவிட்டான். காலையில் பதினொன்றரைக்கு விமான நிலையத்திலிருந்து கீழ்வீட்டு மாவு மில்லுக்குப் போன் செய்து, 'ஏறப் போறேன், அரை மணி நேரத்தில் கிளம்பிடும்' என்றிருக்கிறான்.

கஸ்தூரி மாவு மில் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்குக் கிளம்பும், ஒன்றரைக்கு மீனம்பாக்கம், இரண்டரைக்கு வீடு. மேலே ஓடிப்போய் மாமியார் காதில் சொன்னாள். இரண்டு நாளாக வாய் திறக்காத அந்தம்மா, தலையைத் தூக்கி வைக்கச் சொல்லி, தலை வாரச் சொல்லி, கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். இரண்டரை ஆனது. யாரும் வரவில்லை.

"இப்போ மூஞ்ச செவுத்துப் பக்கம் திருப்பிக்கிச்சுக்கா. கஞ்சி வாணாங்குது, தண்ணி வாணாங்குது. சாவப் போறவகிட்ட பொய் சொல்லி ஏமாத்துறீங்களாடின்னு கேட்டுது. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. நான் எங்கக்கா ஏமாத்துனேன்?"

அவள் ஏமாற்றவில்லை, ஏமாற்றியது நான். சிங்கப்பூர்க் கடிகாரப்படி விமானம் கிளம்பியது இரண்டரைக்கு, அதோடு ஒன்றரையைக் கூட்டியிருந்தால்கூட நாலு மணி என்று சரியாக வந்திருக்கும். அவளோ நம் ஊர்ப் பன்னிரண்டோடு அந்த ஒன்றரையைக் கூட்டிவிட்டாள்.

விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். விமானம் நம் நேரத்துக்குச் சரியாகப் பன்னிரண்டுக்குக் கிளம்பிவிட்டது, நாலு மணிக்கு இறங்கும் என்றார்கள். அவன் ஏறினானா என்று கேட்டேன். பயணிகள் விவரம் சொல்ல மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள்.

கஸ்தூரியிடம் விளக்கினேன். கடிகாரம் வேறு, பயணம் வேறு என்று மேசைமேல் இரண்டு கோடு போட்டுக் காட்டினேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்போ நீ அன்னிக்குச் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். "தப்பு. வேடிக்கைக்குச் சொன்னேன்" என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அவளைத் தனியாக அனுப்பி, சரியான நேரத்தைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு தடவை பொய்த்த வாயால் இன்னொரு நேரத்தைச் சொன்னால் அந்தம்மா ஏன் நம்ப வேண்டும்? கைப்பையை எடுத்துக்கொண்டு நானும் எழுந்தேன். மேலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கவுண்டர்ல மூணு பேரு நிக்கிறாங்க. நீ எங்க போற?" என்றார். நடந்ததைச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியதே இல்லை, ஆனால் அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஷேர் ஆட்டோவில் போய்ச் சேரும்போது மூன்றேகால். ஒற்றை அறை, சுவரில் புத்தர் படம் போட்ட காலண்டர். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் குந்தியிருந்தார்கள். கட்டிலில் சின்னப்பொண்ணம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, நான் டிக்கெட் ஆபீஸ்லேர்ந்து வரேன். உங்க மருமக பொய் சொல்லல. நான்தான் அவளுக்கு நேரத்தைத் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "நெஜமாலும் ஏறினானா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் ஒரு தடவை சுலபமான பதில் சொல்லித்தான் இங்கே உட்கார்ந்திருந்தேன்.

"பிளேன் நேரத்துக்குக் கிளம்பிடுச்சும்மா. அதை நானே விசாரிச்சேன். அதுக்கு அரை மணி முன்னாடி உங்க புள்ள ஏறப் போறேன்னு போன் பண்ணாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஏறினத நான் கண்ணால பாக்கல."

மெதுவாக முகம் இந்தப் பக்கம் திரும்பியது. நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லியிருந்தால் திரும்பியிருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"இப்போ எங்க கீறான்?"

கடலுக்கு மேலே என்றேன். "கடல்னா எங்க?" என்றார். மூவாயிரம் கிலோமீட்டர் கணக்கை அவரிடம் என்னவென்று சொல்வது? கஸ்தூரிதான் வழி காட்டினாள். அவர் பதினெட்டு வருடம் எண்ணூரில் ஒரு கம்பெனியில் பெருக்கிக் கூட்டும் வேலை பார்த்தவர். தினமும் சாயங்காலம் எண்ணூரில் பஸ் ஏறி புளியந்தோப்பில் இறங்கியவர். மூர்த்தி சின்னப் பையனாக இருந்தபோது இதே வாசலில் அம்மாவுக்காகக் காத்துக்கிடப்பானாம்.

"எண்ணூர்ல பஸ் ஏறிட்டார்னு வெச்சிக்கோங்கம்மா" என்றேன். "கத்திவாக்கம், எர்ணாவூர் எல்லாம் தாண்டியாச்சு. இப்போ திருவொத்தியூர் தேரடிகிட்ட வராரு."

"தேரடியா?" கண்ணை மூடிக்கொண்டார். "குந்த எடம் கெடச்சிருக்குமா?"

"ஜன்னல் சீட்டு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், அதுவும் எனக்குத் தெரியாத விஷயம். ஆனால் அவர் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு ஓடியது, அதனால் திருத்தவில்லை.

"அப்போ எம்மா நேரம் ஆவும் வூட்டுக்கு? நேரத்த ஒயுங்கா சொல்லு."

நாலுக்கு இறங்குவான். பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, பிறகு மீனம்பாக்கத்திலிருந்து சாயங்கால நெரிசலில் இங்கே. ஐந்தரைக்குக்கூட வரலாம். ஐந்தரை என்றால் கேட்க இனிப்பாக இருக்கும். "ஆறு மணி" என்றேன். "சரி, ஆறு" என்று அவர் கஸ்தூரியைப் பார்த்து வாயைத் திறந்தார். அவள் ஒரு கரண்டி கஞ்சி ஊட்டினாள், இறங்கியது.

அந்த மத்தியானத்தைப் போல் நான் எந்த மத்தியானத்தையும் உட்கார்ந்து கடத்தியதில்லை. கால் மணிக்கு ஒரு தடவை கேட்பார், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வேன். காலடிப்பேட்டை என்றேன். அது என் ஊர், அங்கே கொஞ்ச நேரம் பஸ்ஸை நிறுத்தி எங்கள் கடையைப் பற்றிச் சொன்னேன். டோல்கேட் என்றேன். சரியாக நாலு மணிக்குத் தண்டையார்பேட்டை. அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் நகர முடியாது, பாஸ்போர்ட் வரிசையில் நிற்கிறான்.

"இன்னா, பஸ்ஸு நின்னுகினே கீது?"

"ரயில்வே கேட் போட்டிருக்காங்கம்மா."

"கூட்ஸா?"

"ஆமாம், கூட்ஸ்."

"அது போவாது சாமானியமா" என்று பெருமூச்சு விட்டார். வாசலில் இருந்த பெண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் அத்தனை பேரும் அந்த கேட்டில் நின்றவர்கள்தான்.

ராயபுரம் தாண்டி, பேசின் பிரிட்ஜ் தாண்டி, ஆறு மணி ஆனது. வாசல் காலியாக இருந்தது. ஆறு ஐந்து, ஆறு பத்து. சொல்ல எனக்கு நிறுத்தமும் மிச்சமில்லை. கஸ்தூரி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. இவன் ஏறாமலே போயிருந்தால் இந்தத் தாயை இரண்டாம் தடவையாகக் கொன்றவள் நான்தான் என்று நினைத்தேன்.

ஆறேகாலுக்குப் படியில் கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டது. கையில் ஒரே ஒரு பையோடு, வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் மூர்த்தி வாசலில் நின்றான். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். கட்டிலோரம் வந்து மண்டி போட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் அவன் முகத்தைத் தடவி, "கருத்துப் பூட்டியேடா நைனா" என்றார். பிறகு என் பக்கம் பார்த்தார்.

"ஆறுன்ன. ஆறேகால் ஆச்சு."

நான் அழுதேன். வேறு என்ன செய்வது.

சின்னப்பொண்ணம்மா அதற்குப் பிறகு நாலு நாள் இருந்தார். மகன் கையால் கஞ்சி குடித்தார், ஒரு நாள் இரண்டு இட்லிகூடச் சாப்பிட்டாராம். ஐந்தாம் நாள் விடியலில், அவன் பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டார். கொள்ளி வைத்துவிட்டு, லீவு முடிகிறது என்று அவன் புறப்பட வேண்டியிருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல நல்ல பாடமாக இருந்திருக்கும். தெரிந்ததை மட்டும் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், தப்பு செய்தால் நேரில் போய் ஒப்புக்கொள், நேரம் கேட்டால் கொஞ்சம் தள்ளியே சொல். இவை எல்லாவற்றையும் நான் அன்றிலிருந்து கடைப்பிடித்தேன். நீங்களும் கடைப்பிடியுங்கள்.

ஆனால் கஸ்தூரி அவன் திரும்பும் டிக்கெட்டை உறுதி செய்ய மறுபடி வந்தாள். அன்று வரிசையே இல்லை. நான் புது உறை எடுத்து, கிளம்பும் நேரத்துக்குப் பக்கத்தில் 'சென்னை மணி' என்றும், இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் 'சிங்கப்பூர் மணி' என்றும் எழுதினேன். கீழே, 'பயணம் நாலு மணி நேரம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். எழுதிய அழகில் எனக்கே திருப்தி. அவளிடம் நீட்டினேன்.

அவள் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றப்பவும் நாலு மணி நேரந்தானாக்கா?"

"ஆமாம்மா. வந்தாலும் போனாலும் ஒண்ணுதான்."

"இன்னும் ரெண்டு வருசம் கான்ட்ராக்ட் போட்டுட்டாரு." விரலால் அந்த அடிக்கோட்டைத் தடவினாள். "உன்மேல கோவம் இல்லக்கா. நீ வந்து எங்க அத்தையாண்ட குந்திகினு இருந்தத நான் மறக்க மாட்டேன். ஆனா ஒன்றரை மணி நேரம்னு நெனச்சிகினு இருந்தப்போ, இங்கதான் கீறாரு, ஒரு குரல் குட்த்தா வந்துடுவாருன்னு இருந்துச்சு. படுத்தா தூக்கம் வந்துச்சு. நாலு மணி நேரம்னா தூரம்தானே."

எங்கள் அப்பா எந்த வாய்க்குப் பயந்தாரோ, அந்த வாய்தான் அவனைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தது. விமானம் பறந்த தூரம் அன்றும் அதே தூரம்தான். ஆனால் அவள் புருஷனை இரண்டரை மணி நேரம் அப்பால் தள்ளிக் கொண்டுபோய் வைத்தது என் பேனா.

உறையை மடித்தாள், எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். கதவுவரை போனவள் திரும்பி நின்றாள்.

"கொயந்தைக்குச் சொல்ல வாணாங்க்கா. அவ ஒன்றரை மணி நேரம்னே நெனச்சிகினு இருக்கட்டும்."

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சிறுமி எஸ்டிடி பூத்து வாசலிலிருந்து என்னைப் பார்த்துக் கை ஆட்டுவாள். ஒரு தடவை அவளே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "எங்க அப்பா வர எம்மா நேரம் ஆவும்?" என்று கேட்டாள். கஸ்தூரி வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேனாவை மூடி வைத்தேன்.

"ஒன்றரை மணி நேரம்" என்றேன்.